என் பின்வீச்சைத் திருத்தியவருக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்து எனக்குக் கதிரையிலிருந்து எழும்பப் பழக்கினாள். எழுபத்தெட்டு வயதில் இதையும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து, ஆணி வைத்துப் பொருத்தி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்த பிறகு, உடம்பு தானாகச் செய்துவந்த காரியங்களை எல்லாம் மறந்துவிட்டது. பாமன்கடையிலிருந்து வரும் அந்தப் பிசியோதெரபிப் பெண் கெட்டிக்காரி. வாயும் கொஞ்சம் நீளம். "அன்ரி, நீங்கள் நிமிர்ந்தபடியே எழும்பப் பாக்கிறியள். அது சரிவராது. பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கோ. இடுப்பில மடியுங்கோ. முதுகு நேரா இருக்கலாம், நிமிரக்கூடாது" என்றாள்.

நான் எழும்பவில்லை. கதிரையின் இரு கைகளையும் பிடித்தபடி அப்படியே இருந்தேன். நோகுதோ என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சொன்னதை, ஏறக்குறைய அதே சொற்களில், முப்பது வருடங்களுக்கும் முன்பு எனக்குச் சொன்னவர் நீங்கள். அவள் போன பிறகும் உங்கள் குரல் வீட்டை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'நீங்கள்' என்று எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களை நான் அப்படி அழைத்ததில்லை. எங்கள் யாழ்ப்பாண வழக்கில் நடுவில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறது. அதைக்கூட உங்களுக்குத் தரவில்லை. 'நீ' என்றேன். மற்றவர்கள் முன்னால் அதுவும் இல்லை; உங்கள் சட்டைப் பையில் குத்தியிருந்த தகட்டு இலக்கத்தைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டேன். பதினேழு. அந்தக் கழகத்தில் பை சுமக்கும் கெடிமார் எல்லோருக்கும் இலக்கம்தான். எல்லோரும் அப்படித்தானே கூப்பிட்டார்கள் என்று நீண்ட காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் கணவர் ஒரு தனியார் கம்பனியில் பொறியியலாளர். பதவி உயர்ந்தபோது கோல்ஃப் கழகத்தின் அங்கத்துவமும் கூடவே வந்தது. மற்றவர்களின் மனைவிமார் மைதானத்தில் இருக்க, நான் மட்டும் விறாந்தையில் எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. எதையும் முறையாகப் படித்தால் வரும் என்று நம்பியவள் நான். கொன்வென்ட்டில் பியானோ அப்படித்தான் வந்தது, தையல் அப்படித்தான் வந்தது. தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீண்ட நடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவும் அப்படித்தான் படித்தோம். புத்தகம் விழுந்தால் சிஸ்டரின் அடிமட்டம் முழங்காலின் பின்பக்கத்தைத் தேடி வரும். என் புத்தகம் விழுந்ததேயில்லை.

கழகத்தின் பயிற்றுநர் பத்துப் பாடம் தந்தார். மட்டையை நான் பிடிக்கும் விதம் மிக அழகாக இருப்பதாகச் சொன்னார். பந்து மட்டும் புல்லோடு புல்லாக இருபது யார் உருண்டு நின்றுவிடும். பத்தாவது பாடம் முடிந்ததும், பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

நீங்கள் என் பையைத் தூக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். முதல்நாள் பையில் தொங்கிய என் பெயரைப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து, "வாங்கம்மா" என்றீர்கள். இங்கே தமிழ் கதைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அதைத் தமிழில்தான் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். காரணம் இருவருக்கும் தெரியும். போர் வடக்கில் நடந்துகொண்டிருந்தாலும் கொழும்பில் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் தமிழ்ச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கும் கண்கள் இருந்தன. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் எழுதிக்கொடுத்து வாழ்ந்த காலம். ஆனால் உண்மை முழுவதும் அதுவல்ல. உங்கள் தமிழ் மலைநாட்டுத் தமிழ். எங்கள் வீட்டில் உங்கள் ஆட்களை இளக்காரமாகச் சொல்ல ஒரு சொல் இருந்தது, 'தோட்டக்காட்டார்'. பொட்டை அழித்துவிட்டுக் கழகத்துக்குப் போன எனக்கு, அந்தத் தமிழோடு என்னைச் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

ஒரு மாதம் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் நான் பந்தின் தலையில் தட்டி, அது பத்து யார் ஓடி நின்றபோது, பின்னால் ஒரு சிறு இருமல் கேட்டது. அடுத்த அடியிலும் அதே பிழை, அதே இருமல். மூன்றாவது முறை திரும்பி, சுகமில்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆட்டம் முடிந்து, கெடிமாரின் கொட்டகைக்குப் பின்னால் நான் கோபத்தோடு விளக்கம் கேட்க வந்தபோதுதான் முதல்தடவையாகக் கதைத்தோம்.

"அம்மா கொன்வென்ட்ல படிச்சவங்களா?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"முதுகுதாம்மா சொல்லுது."

நீங்கள் வளர்ந்த தோட்டத்துக்குப் பக்கத்தில் துரைமாரின் கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்ததையும், அங்கேதான் நீங்கள் பை தூக்கப் பழகியதையும் அன்றுதான் சொன்னீர்கள். அங்கே இரண்டு துரைசாணிமாருக்கு இதே வியாதி இருந்ததாம். இருவரும் சிஸ்டர்மாரிடம் படித்தவர்களாம். மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது நான் வலது முழங்காலை நீட்டி, தலையை நான்கு விரல் உயர்த்திவிடுகிறேன். இடுப்பில் மடிந்து நின்ற மடிப்பு காணாமல் போய்விடுகிறது. கீழே வரும்போது அதே இடத்துக்குத் திரும்பி வர முடியாது. "நேரா இருக்கலாம்மா, நிமிரப்படாது. பந்து கீழ இருக்கு. அத மேல இருந்து பாத்துக்கிட்டு நின்னா அது வராது" என்றீர்கள்.

இன்னொரு பிழையும் இருந்தது. என் பின்வீச்சு மிக நீளம். உச்சியில் இடது முழங்கை மடிந்து, கடைசி மூன்று விரல்களும் தளர்ந்து, மட்டையின் தலை என் கழுத்துக்குப் பின்னால் தொங்கும். அதுதான் வீச்சின் அழகு என்று நான் நினைத்திருந்தேன். "கொண்டை போடவாம்மா அவ்வளவு தூரம் கொண்டு போறீங்க?" என்று கேட்டீர்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஒருவரும் என்னோடு அப்படிக் கதைப்பதில்லை. அடுத்த கணமே, "ரெண்டு வியாதி இல்லம்மா. ஒண்ணுதான். எந்திரிக்கிறதாலதான் நீளுது. இடுப்புல மடிஞ்சே இருந்தா கை தன்னால முக்கால்ல நின்னுடும். மிச்சக் கால் எங்க போச்சுன்னு பந்து கேக்கவா போகுது?" என்றீர்கள். பத்துப் பாடத்தில் பயிற்றுநர் சொல்லாததை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டீர்கள்.

கொட்டகையின் பின்சுவரில் பின்பக்கம் படும்படி நின்று, அந்தத் தொடுகை விடாமல் உடம்பைத் திருப்ப வேண்டும் என்பது முதல் பயிற்சி. என்னால் முடியவில்லை. உடம்பு முடியாமல் அல்ல. ஒரு ஆண் பிள்ளைக்கு முன்னால், அதுவும் என் பையைத் தூக்குகிறவருக்கு முன்னால், இடுப்பை மடித்துப் பின்பக்கத்தைத் தள்ளி நிற்பதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வாயால் சொல்லாமல் மட்டையைப் பைக்குள் போட்டுவிட்டேன். நீங்கள் புரிந்துகொண்டீர்கள். அடுத்த கிழமை காலை வெயிலில் என்னைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னீர்கள். என் நிழல் எனக்கு முன்னால் புல்லில் விழுந்தது. அந்த நிழலின் தலையில், பந்து வைக்கும் சிறு மரக்குச்சி ஒன்றைக் குத்திவிட்டு, எனக்குப் பக்கவாட்டில் நின்று நிழலை மட்டும் பார்த்தீர்கள். மட்டை பின்னுக்குப் போகும்போது நிழலின் தலை குச்சியைத் தாண்டினால் நான் எழும்பிவிட்டேன் என்று அர்த்தம். என்னைப் பார்க்கவேயில்லை. நாலு வருடமும் அப்படித்தான்.

நீளத்துக்குக் குடை. மழைக்கும் வெயிலுக்கும் கெடிமார் தூக்கும் அந்தப் பெரிய குடையை மடித்து, எனக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே நீட்டிப் பிடிப்பீர்கள். மட்டை முக்காலைத் தாண்டினால் குடையில் 'டொக்' என்று படும். முதல் கிழமை முழுக்க டொக், டொக் என்று தச்சன் வீடுபோல் இருந்தது. ஆட்டத்தின்போது தமிழ் கதைக்க முடியாதே. அதனால் எழும்பினால் ஒரு இருமல், நீண்டால் இரண்டு இருமல் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். என்னோடு விளையாடிய டொக்டரின் மனைவி, நல்ல சிங்களப் பெண்மணி, உங்களுக்குக் காசநோய் இருக்கிறதோ என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். அதைக் கொட்டகைக்குப் பின்னால் உங்களுக்குச் சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம். சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தரம்தான் என்று நினைக்கிறேன்.

எட்டு மாதத்தில் இருமல் நின்றது. பந்து எழும்பிப் பறந்தது. பெண்களின் மாதப் போட்டியில் ஒரு வெள்ளிக் கரண்டி வென்றேன். அன்று விறாந்தையில் தேநீர் வேளையில், இந்த வயதில் எப்படி வீச்சை இவ்வளவு மாற்றினீர்கள், யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். ஒரு புத்தகத்தைப் பார்த்து நானே திருத்திக்கொண்டேன் என்றேன். நீங்கள் படிக்கட்டடியில் என் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆங்கிலம் உங்களுக்கு நன்றாக விளங்கும் என்பது எனக்குத் தெரியும். துடைத்த கை நிற்கவில்லை.

இது சின்ன வெட்கம். பெரியதை இனித்தான் எழுத வேண்டும். இரண்டு நாளாக இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போகிறேன்.

நகரத்தில் ஒரு பெரிய குண்டு வெடித்த மாதம் அது. பாதுகாப்புக்காக என்று கழக அலுவலகம் ஓர் அறிவித்தல் ஒட்டியது. தமிழ் ஊழியர்களும் கெடிமாரும் தங்களை நன்கு அறிந்த அங்கத்தவர் ஒருவரிடமிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, எத்தனை வருடப் பழக்கம். மாத முடிவுக்குள் கடிதம் இல்லாதவர்களை வாசலுக்குள் விடமாட்டார்கள். அப்படி ஒரு கடிதம் கையில் இல்லாமல் ஜிந்துப்பிட்டியில் குடியிருக்கும் ஒரு தமிழன் அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறி இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. உங்களுக்கு அந்தக் கடிதம் வேண்டும். கழகத்தில் உங்களை அறிந்தவள் என்றால் நான்தான்.

ஒன்பதாம் குழியருகே கேட்டீர்கள். டொக்டரின் மனைவியும் இன்னொருவரும் முப்பது அடிக்கு அப்பால் நின்றார்கள். நாலு வருடத்தில் முதல்தடவையாக மைதானத்தின் நடுவில் தமிழில் கதைத்தீர்கள்.

"மன்னிக்கணும்மா. இத சிங்களத்துல கேக்க எனக்கு வரல. ஒரு கடுதாசி வேணும்."

எனக்குக் கடிதம் எழுதப் பிடிக்கும். என் கையெழுத்தைப் பற்றியும் வசனத்தைப் பற்றியும் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. நீங்கள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே மனதில் எழுதத் தொடங்கிவிட்டேன். இக்கடிதம் கொண்டுவரும் திரு. என்று தொடங்கினேன். அந்த இடத்தில் நின்றேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை.

நாலு வருடம். என் முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சையும் தொடாமலே அறிந்து வைத்திருந்த மனிதர் நீங்கள். எந்தக் காலையில் நான் நித்திரை இல்லாமல் வந்திருக்கிறேன், எந்தக் காலையில் கணவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதை முதல் அடியிலேயே சொல்லிவிடக் கூடியவர். உங்களுக்கு மனைவி இருக்கிறாளா, பிள்ளை இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. பெயரையும் கேட்டதில்லை.

அப்போதாவது கேட்டிருக்கலாம். உன் பெயர் என்ன என்பது மூன்று சொல். அதைக் கேட்டால் இத்தனை நாளும் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒழுங்கு தவறாதவள், மரியாதை தெரிந்தவள் என்று உங்கள் கண்ணில் நான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த உருவம் குலைந்துவிடும். அந்த உருவத்தைக் காப்பாற்றுவதற்காக, அப்பால் நின்ற இருவருக்கும் கேட்கும்படி, சிங்களத்தில் பதில் சொன்னேன். என்னுடைய கடிதம் உனக்கு உதவாது, தமிழ் ஆளுக்குத் தமிழ் ஆள் கொடுக்கும் கடிதத்தை யார் மதிப்பார்கள், டொக்டரின் மனைவியிடம் கேள் என்றேன்.

நீங்கள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். வழக்கமாகப் பார்க்காதவர்.

"அதுவும் சரிதாம்மா" என்றீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தாம் குழிக்கு நடந்தீர்கள்.

பிற்காலத்தில் இதைச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் பயத்தின் மேல் பழியைப் போட்டேன். அப்போது என் அக்காவின் மகள் கனடா விசாவுக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய பொலிஸ் பதிவைக் கிழமைக்குக் கிழமை நீட்டிக்க வேண்டியிருந்தது. இன்னொரு தமிழருக்குக் கையெழுத்து வைத்து மாட்டிக்கொள்ள முடியுமா என்று. கேட்டவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் பயப்பட்டதற்காக ஒருவரும் ஒருவரைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஒன்பதாம் குழியருகே அக்காவின் மகளின் நினைவு எனக்கு வரவேயில்லை. பயம் நான் பிறகு போட்டுக்கொண்ட நல்ல உடுப்பு.

டொக்டரின் மனைவி தருவதாகத்தான் சொன்னாளாம். ஆனால் அவள் மகளிடம் லண்டனுக்குப் போகும் அவசரத்தில் இருந்தாள். வந்து எழுதுகிறேன் என்றுவிட்டுப் போய்விட்டாள். மாதம் முடிந்தது. வாசலில் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கிழமை ஜிந்துப்பிட்டியில் வீடுவீடாக நடந்த சோதனையில், எங்கே வேலை என்று கேட்டதற்குக் காட்ட ஒரு தாளும் இல்லாமல், உங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதை எனக்குச் சொன்னது உங்கள் மனைவி. ஒரு மத்தியான வெயிலில் எங்கள் வீட்டுக் கேற்றுக்கு வெளியே நின்றார். கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அதை நீட்டினார். உங்கள் முழுப்பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, கழகத்தில் சேர்ந்த வருடம். எல்லாம் உருண்டை எழுத்தில், வரிசையாக. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்தைச் சொல்லும் முதல் இரண்டு எண்களிலிருந்துதான் நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று அறிந்தேன். எவ்வளவு சாமர்த்தியமான பெண், கேட்க வேண்டிய சங்கடத்தை எனக்கு வைக்கவில்லையே என்று உள்ளூர நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மேசையில் இருந்து நல்ல தாளில், ஆங்கிலத்தில், என்னுடைய மிகச் சிறந்த கையெழுத்தில் எழுதினேன். இவரை நான் நாலு வருடங்களாக நன்கு அறிவேன் என்று எழுதினேன். நேர்மையானவர், பொறுமையானவர், என் குடும்பத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று எழுதினேன். உங்கள் மனைவி தாளை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, பொலிஸுக்கு நீங்களும் ஒருக்கா வரமுடியுமாம்மா, நேர்ல சொன்னா கேப்பாங்க என்றார். உள்ளேயிருந்து என் கணவர், "உமக்கென்ன விசரே, உதுக்குள்ள போகாதையும்" என்று சொன்னது கேற்று வரை கேட்டது. எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். சரிங்கம்மா என்று அவர் வெயிலில் காலி வீதிப் பக்கம் நடந்து போனார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஒரு மாதத்துக்குக் கிட்ட வைத்திருந்துவிட்டு உங்களை விட்டார்கள். என் கடிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. விட்ட மறுகிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். விறாந்தையில் உங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். கோப்பையை இடது கையால்தான் தூக்கினீர்கள். வலது கை மடியில் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கையை மெல்ல உயர்த்திக் காட்டினீர்கள். தோள் மட்டத்துக்குக் கீழேயே அது நின்றுவிட்டது.

"இப்ப எனக்கும் முக்கால்தாம்மா" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. கழகம் திரும்பக் கூப்பிடவில்லை என்றும், கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் வாசலில் நிற்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றும் சொன்னீர்கள். கடிதத்துக்கு நன்றி சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்ற கேள்விதான் வந்தது. போதும்மா என்றீர்கள். எழும்பிப் போகும்போது, "ஆட்டத்த விட்டுறாதீங்க. இருமறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றீர்கள்.

நான் விட்டுவிட்டேன். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வேறு ஓர் இலக்கம் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது. மூன்றாம் குழியோடு திரும்பி வந்துவிட்டேன். மட்டைகளை யாருக்கோ கொடுத்தாயிற்று. கொட்டாஞ்சேனைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன், மாதா கோவிலுக்கு, துணி எடுக்க, நகை திருத்த. உங்கள் கடை எந்த வீதியில் என்று விசாரித்ததில்லை. ஒருநாள் பஸ்ஸிலிருந்து, ஒரு கடை வாசலில் இடது கையால் வழி காட்டிக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்தேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அது நீங்கள்தானா என்று நிச்சயமாகத் தெரியாது. திருப்பிக்கொண்டது மட்டும் நிச்சயம்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, என் கணவரும் போன பிறகு, ஒருநாள் காலையில் வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜிந்துப்பிட்டியை வதிவிடமாகவும், பின்னர் ஹெந்தளையை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி உங்கள் முழுப்பெயரை வாசித்தார்கள். ஒரே ஒரு தரம் ஒரு கொப்பித் தாளில் பார்த்த பெயர். உடனே தெரிந்துவிட்டது.

ஹெந்தளைக்குப் போனேன். உங்கள் மகளின் வீடு. உங்கள் மனைவி இரண்டு வருடம் முன்பே போய்விட்டார் என்று அங்கேதான் அறிந்தேன். நான் யார் என்று சொன்னதும் உங்கள் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வந்திருந்தவர்களிடம், இவங்கதான் வெள்ளவத்தை அம்மா, அப்பாவுக்குக் கடுதாசி குடுத்தவங்க என்று சொன்னாள். ஆட்கள் எழும்பி எனக்கு இடம் விட்டார்கள். அவள் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தாள். என் கையெழுத்து. மடித்த இடங்கள் நாலும் கிழிந்து, பின்னால் ஒட்டியிருந்தது. போர் முடியும் வரை எந்தச் சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையோடு அதையும் சேர்த்துத்தான் காட்டுவீர்களாம். எழுத்து நல்லா இருக்குன்னு ஆமிக்காரனே சொன்னானாம்மா என்றாள்.

இவரை நான் நன்கு அறிவேன். அதைத்தான் அத்தனை வருடமும் நெஞ்சுக்கு மேல் பையில் வைத்துத் திரிந்திருக்கிறீர்கள்.

அன்று உன் அம்மா உங்கள் அப்பாவின் பெயர், விபரம் எழுதிக் கொண்டுவந்த தாள் உதவியாக இருந்தது, கெட்டிக்காரப் பெண்மணி என்று ஏதோ சொன்னேன். உங்கள் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அதனால்தான் அதை என்னால் மறக்க முடியவில்லை.

"அது அம்மாவோட யோசன இல்லீங்கம்மா. அப்பாதான் உள்ள இருந்து ஆள்கிட்ட சொல்லி அனுப்பினாரு. பேரு, நம்பர் எல்லாம் எழுதிக் கொண்டு போ, அந்த அம்மாவுக்கு என் பேரு தெரியாது, கேக்க வெக்கப்படுவாங்கன்னு."

உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் குழியருகே என் முகத்தைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்திருந்தது. நான் சொன்ன சிங்களக் காரணத்தை நம்பியதுபோல் தலையாட்டினீர்கள். பிறகு, அடி வாங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, எனக்கு வெட்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள்.

நான் அங்கே உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் கேட்டபோது மறுத்தேன் என்று. நேரத்துக்கு அந்தத் தாளைத் தந்திருந்தால் உன் அப்பாவின் கை மேலே போயிருக்கும் என்று. ஆட்கள் எனக்காக இடம் விட்டு நின்றார்கள். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். கொடுத்த சோடாவைக் குடித்தேன். அவள் வாசல் வரை வந்து திரும்பவும் நன்றி சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதை வாசிப்பவர்கள், உங்கள் பெயரை நான் ஏன் ஓரிடத்திலும் எழுதவில்லை என்று கேட்கக்கூடும். தெரியாமல் அல்ல. இப்போது நன்றாகத் தெரியும். தகப்பனார் பெயரோடு, அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து வரைக்கும் பாடம். அதை இங்கே அழகாக எழுதிவிட்டால், உங்களை அறிந்தவள்போல் ஆகிவிடும். ஒருமுறை அப்படி எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அது போதும்.